அடித்த சொல்

ஜுஃபைரில் ஏழாவது மாடி,
ஓர் இத்தாலிய விதவையின் வீட்டிலிருந்து
பதினொரு அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கின.
அவளுடைய தகப்பனாரின் காகிதங்கள்.
ஸ்கேன் செய்யப் பக்கத்துக்கு நாற்பது ஃபில்ஸ்.
தாள் பறக்குமென்று ஏசியை நிறுத்தினார்கள்.
ஆகஸ்டு மாத மனாமா.
வேர்வை எழுத்தில் சொட்டாதிருக்க
நெற்றியில் துண்டு கட்டிக்கொண்டேன்.

ஒரேஸ்தே வல்மாரின், ஜியோமிதி வாத்தியார்.
கறுப்புச் சட்டைக்காரர்கள் பிடித்துப் போனார்கள் என்றிருந்தது.
இரண்டு நாள் குழம்பினேன்:
எங்கள் ஊரில் கறுப்புச் சட்டை
மேடை போட்டுக் கேள்வி கேட்கிறவர்கள் போடுவது.
அங்கே, கேள்வி கேட்டவனைக்
கடலுக்குள் ஒரு தீவில் கொண்டுபோய் விட்டவர்கள் போட்டது.

ஆறு வருஷம்.
வாரம் ஒரு கடிதம், இருபத்துநாலு வரி, மேல் போகக்கூடாது.
மனைவிக்கு எழுதுகிறார்: பயறு புழுத்துவிட்டது,
கால் வீக்கம் பரவாயில்லை.
வரிக்கும் வரிக்கும் நடுவில்
எறும்புச் சாரி மாதிரிப் பென்சில்.
போன் கேமராவைப் பிடித்துப் பிடித்து
விதிக்குப் புறம்பாக வாசித்தேன்.
'சண்டை முடிந்ததும் எல்லோரும்
எல்லைக்கோட்டைத்தான் மறுபடி கூர்சீவுவார்கள்.
யாராவது அந்தப் பென்சிலைப் பிடுங்க வேண்டும்.'

ஒன்பதாம் பெட்டியில் மிலான்.
நாற்பத்துமூன்று, திரை இழுத்த அடுக்களை,
பத்துப் பதினைந்து பேர், ஒரு சொல்லுக்கு ராத்திரி முழுக்கச் சண்டை.
வரைவில் 'நாடுகளின் லீக்' என்று இருக்கிறது.
அடித்திருக்கிறார். யாரோ திரும்ப எழுதியிருக்கிறார்கள்.
மறுபடி அடித்திருக்கிறார். நாலு தரம்.
ஓரத்தில் கிறுக்கல்:
'லீக் வாடகைக்காரர் சங்கம்.
வீட்டுக்காரன் தடியோடு வந்தால்
ஆளுக்கொரு ஜன்னல் வழியாக இறங்கிவிடும்.'

கடைசிப் பிரதியில் அவர் சொல் இருக்கிறது.
அவர் பெயர் இல்லை.
மகளுக்குக் காய்ச்சல் என்று
விடியுமுன் சைக்கிளில் போய்விட்டாராம்,
மாவு மூட்டைக்குள் முப்பது பிரதிகளோடு.
காய்ச்சல் கண்ட அந்தக் குழந்தைதான்
இப்போது ஜுஃபைரில் ஏழாவது மாடி.

குதைபியா அறைக்கு வந்து
'ஃபெடரேஷனுக்குத் தமிழ் கூட்டாட்சிதானே?' என்றேன்,
சும்மா, சட்டையைக் கழற்றிக்கொண்டே.
கமலநேசன் மீன் கழுவிக்கொண்டிருந்தான்.
மட்டக்களப்புப் பக்கம், களுவாஞ்சிக்குடி.
'சமஷ்டி' என்றான்.
குழாயை மூடிவிட்டு இன்னொரு தரம்,
இன்னும் மெதுவாக: 'சமஷ்டி.'

'உங்கட ஊரில அது பாடப்புத்தகத்துச் சொல்லு, அண்ணை.
பரீட்சைக்கு ரெண்டு மார்க்.
எங்கட பெரியப்பா அந்தச் சொல்லோட
கச்சேரி வாசல்ல குந்தி இருந்தவர்.
பொல்லால அடிச்சவங்கள்.
இடக்கை கடைசி மட்டும் மடங்கயில்ல.'
அவ்வளவுதான்.
குழாயைத் திறந்தான். வயிற்றைக் கீறிக்
குடலை எடுத்து நியூஸ்பேப்பரில் போட்டான்.

அறையில் ஒன்பது பேர், ஐந்து நாடு, ஒரு ஃபிரிட்ஜ்.
இதையே ஃபெடரேஷன் என்று சொல்லிவிடலாம்,
சொல்ல நாக்கு வரவில்லை:
பாஸ்போர்ட் ஒன்பதும் கம்பெனி அலமாரியில்,
இங்கே சட்டம் இயற்றுவது கேஸ் சிலிண்டர் ஒன்றைப் பற்றித்தான்,
அதிலும் தாவா பகதூர் வெளிநடப்பு செய்வான்.

மறுநாள் அந்தப் பக்கத்தைக் கண்ணாடிமேல் வைத்தேன்.
சாஃப்ட்வேரில் ஒரு வசதி உண்டு,
கறை, கிறுக்கல், அடித்தல் எல்லாம் தானே துடைத்துவிடும்.
திரையில் தாள் பளிச்சென்று நின்றது:
அடித்த கோடு போயிருந்தது.
'லீக்' மட்டும் இருந்தது,
யாரும் எதிர்க்காத மாதிரி.

அணைத்துவிட்டு இரண்டாம் முறை எடுத்தேன்.
இரண்டாம் முறைக்கு ஃபில்ஸ் கிடையாது.
போர்மன் மணியைப் பார்த்தான்.

ஒரு பிரிண்ட் மடித்து எடுத்துப் போனேன்.
கமலநேசன் வெளிச்சத்தில் பிடித்து
எழுத்தை விட்டுவிட்டுக் கோட்டையே பார்த்தான்.
'நல்லா அழுத்தித்தான் அடிச்சிருக்கார்' என்று
ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினான்.

சனிக்கிழமை பார்க்கிறேன்,
அதன் ஓரத்தில் யாரோ எழுதியிருக்கிறார்கள்:
கேஸ். தாவா. ஒன்றேகால் தினார் பாக்கி.
அதற்குக் கீழே, நேபாளியில்,
அடித்து, திருத்தி, மறுபடி அடித்து
நீளமாக ஒரு மறுப்பு.